சர்ச் பள்ளிக்கூடம் யாருடையது? இடையன்குடியை வைத்து ஓர் எளிய விளக்கம்

திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்துக் கிராமங்களில் பயணம் செய்பவர்களுக்கு 'டி.டி.டி.ஏ. தொடக்கப் பள்ளி' என்ற பலகை பழகிப்போன ஒன்று. பெரும்பாலும் அதை ஒட்டியே ஓர் ஆலயமும் இருக்கும். ஒரு பேராயரின் பொறுப்பில் வரும் சபைகளின் தொகுப்பைத் திருமண்டலம் என்பார்கள். திருநெல்வேலித் திருமண்டலத்தின் சொத்துகளை வைத்திருக்கும் அறக்கட்டளையின் பெயர்ச் சுருக்கம்தான் டி.டி.டி.ஏ. தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் 2003இல் தனியாகப் பிரிந்த பிறகு, அந்தப் பக்கத்துப் பலகைகளில் டி.என்.டி.டி.ஏ. என்று இருக்கும்.

இந்தப் பள்ளிகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். "வெள்ளைக்காரன் கட்டிக் கொடுத்தது" என்பார் ஒருவர். "சர்க்கார்தான் சம்பளம் கொடுக்குது, அப்போ அது சர்க்கார் பள்ளிக்கூடம்தானே?" என்பார் இன்னொருவர். "அது கிறிஸ்தவங்க பள்ளிக்கூடம், அவங்க பிள்ளைகளுக்குத்தான்" என்பவர்களும் உண்டு. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் எந்த ஒன்றையும் முழு உண்மையாக எடுத்துக்கொண்டால் தவறாகிவிடும். பிள்ளையை எங்கே சேர்ப்பது, கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டுமா, எந்த அரசுத் திட்டம் கிடைக்கும், குறை இருந்தால் யாரிடம் போவது என்று எல்லாவற்றிலும் இந்தக் குழப்பம் வந்து நிற்கிறது. அதனால் அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

முதலில் ஒரு கூட்டுக்கிணறு

ஊரில் ஒரு கூட்டுக்கிணறு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம் ஒரு குடும்பத்துத் தாத்தா கொடுத்தது. வெட்டியவர்கள் நான்கு குடும்பத்தார். மோட்டாருக்கு இலவச மின்சாரம் அரசு தருகிறது. யார் எந்த நாளில் தண்ணீர் பாய்ச்சுவது என்று முறை வைப்பவர் ஒரு பெரியவர். இந்தக் கிணறு யாருடையது என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் வராது. இடம் யாருடையது, வெட்டிய உழைப்பு யாருடையது, மின்சாரம் யாருடையது, முறை வைப்பது யார் என்று பிரித்துக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் பதில் தெளிவாக இருக்கும்.

சர்ச் பள்ளியையும் இப்படி நான்காகப் பிரித்துத்தான் கேட்க வேண்டும். இடமும் கட்டடமும் யாருடையவை? வளர்த்த உழைப்பு யாருடையது? சம்பளம் யார் தருகிறார்? நிர்வாகம் யார் கையில்? இந்த நான்கும் ஒரே நாளில் ஏற்பட்டவை அல்ல. சுமார் இருநூறு ஆண்டுகளில் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்ந்தவை. அது எப்படி நடந்தது என்பதற்குத் திசையன்விளை அருகே உள்ள இடையன்குடி நல்ல உதாரணம்.

ஓலைக் கொட்டகையும் உபதேசியாரும்

இடையன்குடி என்றாலே எல்லோருக்கும் ராபர்ட் கால்டுவெல் நினைவுதான் வரும். திராவிட மொழிகளை ஒப்பிட்டு இலக்கணம் எழுதியவர், அந்த ஊரிலேயே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர். ஆனால் கதை அவரிடமிருந்து தொடங்கவில்லை.

தேரி எனப்படும் செம்மணல் மேடுகளும் பனங்காடுமான அந்த வட்டாரத்தில் 1799லேயே முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு உருவாகிவிட்டது. அதற்குப் பின்னால் இருந்தவர்கள் தமிழர்கள். தஞ்சாவூர் மிஷனிலிருந்து வந்த சத்தியநாதன் குருவானவர் ஒருவர், உள்ளூர்க்காரரான தாவீது சுந்தரானந்தம் இன்னொருவர். அடுத்த சில ஆண்டுகளில் சுற்றுப்பட்டுக் கிராமங்களில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். சபை என்றால் ஓர் ஊரில் ஒன்றாகக் கூடி வழிபடும் கிறிஸ்தவர்களின் கூட்டம். இடையன்குடியிலும் அப்படி ஒரு சபை கால்டுவெல் வருவதற்கு முன்பே இருந்தது. அந்த நாள்களில் இந்தச் சபைகளைப் பார்த்துக்கொள்ளப் போதுமான ஐரோப்பிய குருமார்கள் கிடையாது. எப்போதாவது ஒருவர் வந்து போவார், அவ்வளவுதான்.

நடுவில் அவற்றைத் தாங்கிப் பிடித்தவர் உபதேசியார். இவர் குருப்பட்டம் பெற்றவர் அல்ல. ஊரிலேயே தங்கி ஜெபம் நடத்துவார், வேதம் கற்பிப்பார், மிஷனிடம் சிறு சம்பளம் வாங்குவார். பல ஊர்களில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவரும் இவரே. இடமும் ஒன்றுதான். பனையோலை வேய்ந்த ஒரு கொட்டகை ஞாயிற்றுக்கிழமை ஜெபவீடாக இருக்கும், திங்கட்கிழமை பள்ளிக்கூடமாகிவிடும். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுதிப் பழகினார்கள். தேரிக்காட்டில் மணலுக்கு என்ன பஞ்சம்!

வழிபாடும் பள்ளியும் ஏன் ஒரே கூரையின் கீழ் வந்தன என்பதை இங்கே கவனிக்க வேண்டும். சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) கிறிஸ்தவத்தில் ஒவ்வொருவரும் வேதத்தைத் தானே வாசிக்க வேண்டும் என்பது அடிப்படை எதிர்பார்ப்பு. ஆகவே வாசிக்கத் தெரிவது சபை வாழ்க்கையின் ஒரு பகுதி ஆயிற்று. மறுபக்கம், அப்போதிருந்த திண்ணைப் பள்ளிகளில் பனையேறும் குடும்பத்துப் பிள்ளைக்கோ, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைக்கோ அநேகமாக இடம் கிடையாது. கடன் பத்திரத்திலும் வரி ரசீதிலும் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாததால் ஏமாந்துபோன குடும்பத்துக்கு, வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை எவ்வளவு பெரிய பலம்! மிஷனுக்கு ஒரு தேவை, ஊருக்கு இன்னொரு தேவை. இரண்டும் சந்தித்த இடம்தான் அந்த ஓலைக் கொட்டகை.

ஆனால் பிள்ளைகளைப் பள்ளியில் உட்கார வைப்பது லேசான காரியம் இல்லை. பனையேற்றம் தொடங்கிவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் வேலை இருக்கும். பதநீர் காய்ச்ச அடுப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். சுள்ளி பொறுக்கவும் காய்ந்த ஓலை இழுத்து வரவும் சின்னக் கைகள்தான் முதலில் போகும். கருப்பட்டி வெந்தால்தான் அந்த வருடத்துக் கடன் அடையும் என்ற வீட்டில், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது என்பது உண்மையான செலவு.

இதுவரை பார்த்ததில் இரண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். பள்ளியும் வழிபாடும் ஒரே கொட்டகையில் தொடங்கின. தொடக்க உழைப்பு பெரும்பாலும் தமிழ் உபதேசியார்களுடையதும் பிள்ளையை அனுப்பிய குடும்பங்களுடையதும்.

இடையன்குடியில் நடந்தது

அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல் 1838இல் சென்னைக்கு வந்தார். 1841இல் எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த) மிஷனில் சேர்ந்து, பெரும்பாலும் கால்நடையாகவே தெற்கே வந்து, அந்த ஆண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார். நெருக்கியடித்துக் கிடந்த குடிசைகளுக்குப் பதிலாக நேரான தெருக்களை அமைத்தார், கிணறு வெட்டச் செய்தார், மரம் நட்டார். இன்றும் அந்த ஊரின் தெரு அமைப்பில் அந்தத் திட்டம் தெரிகிறது.

பள்ளியைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் 1844இல் வந்தது. அந்த ஆண்டு அவர் எலைசா மால்ட்டைத் திருமணம் செய்துகொண்டார். நாகர்கோவில் மிஷனில் பணியாற்றிய சார்லஸ் மால்ட்டின் மகள் எலைசா. தமிழில் சரளமாகப் பேசக்கூடியவர். அவருடைய தாயார் மார்த்தா நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தவர். அதே முறையை எலைசா இடையன்குடிக்குக் கொண்டுவந்தார்.

அவர் தொடங்கியது பெண்களுக்கான போர்டிங் பள்ளி. பிள்ளைகள் அங்கேயே தங்கி, சாப்பிட்டு, படிக்கும் பள்ளிக்கு அந்தப் பெயர். தேரிக்காட்டுச் சூழலுக்கு இது ஏன் பொருந்தியது என்று யோசித்தால் அதன் சூட்சுமம் புரியும். வீட்டிலிருந்து வரும் பெண்பிள்ளை பதநீர் காலத்தில் காணாமல் போய்விடுவாள். தங்கிப் படிப்பவள் போக மாட்டாள். அவளுக்கான சாப்பாட்டுச் செலவு பெற்றோருக்கு இல்லை. லேஸ் வேலையால் கையில் ஒரு தொழிலும் இருந்தது, பின்னிய லேஸ் விற்ற பணம் பள்ளிக்கும் உதவியது. படித்து முடித்தவர்களில் பலர் ஆசிரியைகள் ஆனார்கள், உபதேசியார்களைத் திருமணம் செய்து வேறு ஊர்களுக்குப் போனார்கள், போன இடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு போர்டிங் பள்ளியிலிருந்து பத்துக் கிராமப் பள்ளிகள் கிளைத்தது இப்படித்தான். இந்தப் பகுதியின் கல்வி வரலாற்றில் கால்டுவெல்லுக்குச் சிலை இருக்கிற அளவுக்கு எலைசாவின் பெயர் பேசப்படாதது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

அப்புறம் ஆலயம். இன்று நாம் பார்க்கும் உயர்ந்த கூர்வளைவுச் சன்னல்களைக் கொண்ட பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு 1847இல் அடிக்கல் நாட்டினார்கள். பிரதிஷ்டை, அதாவது வழிபாட்டுக்கென்று முறைப்படி அர்ப்பணிக்கும் சடங்கு, 1880 ஜூலை 6ஆம் தேதி நடந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகள்! அடிக்கல் நாட்டியபோது பள்ளியில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தவர்களுக்குப் பிரதிஷ்டையின்போது பேரப்பிள்ளைகள் இருந்திருப்பார்கள். இங்கிலாந்திலிருந்து நன்கொடை வந்தது உண்மை. உள்ளூர்க் கொத்தனார்கள் கல்லைக் கல்லாக எழுப்பினார்கள், சபையார் காணிக்கை கொடுத்தார்கள் என்பதும் அதே அளவு உண்மை. நடுவில் 1876–78இன் தாது வருடப் பஞ்சமும் வந்து போனது. "முதலில் சர்ச், பிறகு பள்ளி" என்ற வரிசை இங்கே தலைகீழாக இருப்பதைக் கவனியுங்கள். கல் ஆலயம் முடிவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே பள்ளி நடந்துகொண்டிருந்தது.

1877இல் பேராயரான கால்டுவெல் 1891இல் கொடைக்கானலில் இறந்தார். அவரைக் கொண்டுவந்து இந்த ஆலயத்தில்தான் அடக்கம் செய்தார்கள்.

படித்தவர்கள் எதிர்த்துப் பேசியபோது

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பலர் ஒரு பகுதியை விட்டுவிடுகிறார்கள். 1849இல் கால்டுவெல் நாடார் சமூகத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அது அவர்களை மிகவும் தாழ்வாகச் சித்திரித்தது. அந்த மக்களிடையே வாழ்ந்துகொண்டே அப்படி எழுதியது அவர் செய்த பெரிய அநீதி. இதை மழுப்ப வேண்டிய தேவை இல்லை.

அதற்கு எதிராக எழுந்தவர்களில் முக்கியமானவர் சட்டாம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகம். அவர் மிஷன் கல்வியிலேயே படித்து உயர்ந்தவர். வேதத்தை வரிக்கு வரி அறிந்தவர். ஐரோப்பியர் கட்டுப்பாடு வேண்டாம் என்று 1857இல் நாசரேத் அருகே பிரகாசபுரத்தில் தனிச் சபையையே நிறுவினார். மிஷன் பள்ளி கையில் கொடுத்த வாசிப்பும் வாதத் திறமையும் மிஷனரியையே கேள்வி கேட்கப் பயன்பட்டன. ஆகவே "வெள்ளைக்காரன் கொடுத்தான், இவர்கள் வாங்கிக்கொண்டார்கள்" என்று இந்தப் பள்ளிகளின் கதையைச் சொல்வது அந்த மக்களின் பங்கை அழிப்பதாகும்.

அரசுப் பணம் எப்படி உள்ளே வந்தது

முதல் அரை நூற்றாண்டில் இந்தப் பள்ளிகளுக்கு அரசு பொறுப்பேற்கவில்லை. 1854இல் லண்டனிலிருந்து வந்த ஓர் அறிக்கை அதை மாற்றியது. உட்ஸ் அறிக்கை என்று பாடப் புத்தகங்களில் படித்திருப்போம். எல்லா ஊரிலும் அரசே பள்ளி தொடங்குவது முடியாத காரியம், ஆகவே தனியார் நடத்தும் பள்ளிகளுக்குப் பண உதவி செய்வோம் என்பது அதன் சாரம். இந்த உதவிக்குப் பெயர் மானியம்.

மானியத்துக்கு நிபந்தனைகள் இருந்தன. பொதுப் பாடங்களை ஒழுங்காக நடத்த வேண்டும், அரசு ஆய்வாளர் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும், மிகச் சிறிய தொகையாவது கட்டணம் வாங்க வேண்டும். மத போதனையைப் பற்றி ஆய்வாளர் எதுவும் கேட்க மாட்டார், அதற்காகப் பணம் தரவும் மாட்டார். இந்து அமைப்பு நடத்தினாலும் கிறிஸ்தவ அமைப்பு நடத்தினாலும் விதி ஒன்றே. மிஷன்களிடம் ஏற்கெனவே ஊர் ஊராகப் பள்ளிகள் இருந்ததால் மானியம் வாங்குவதில் அவை முந்திக்கொண்டன.

1860களின் பிற்பகுதியில் சென்னை மாகாணத் தொடக்கப் பள்ளிகளில் தேர்ச்சிக்கு ஏற்ற மானியம் என்ற முறை பரவியது. ஆய்வாளர் வந்து பிள்ளைகளைச் சோதிப்பார், எத்தனை பேர் தேறினார்களோ அதற்கேற்பப் பணம். வருகைப் பதிவேடும் கால அட்டவணையும் கிராமப் பள்ளிகளில் வேரூன்றியதற்கு இது முக்கியக் காரணம். ஆய்வாளர் வரும் நாள் உபதேசியாருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவருடைய பிழைப்பே அன்றைக்கு ஒரு பிள்ளை கணக்கைச் சரியாகப் போடுவதில் இருந்தது. பிற்காலத்தில் இந்த முறை போய், நிலையான மானியம் வந்தது.

சுருக்கமாக, 1854க்குப் பிறகு பள்ளிக்கு இரண்டு கை கிடைத்தது. நடத்துபவர் சபை, செலவில் பங்கெடுப்பவர் அரசு.

இன்று யாருக்கு எது சொந்தம்

1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இந்தப் பகுதியின் ஆங்கிலிக்கன் சபைகள் அதில் இணைந்தன. மிஷன்கள் விட்டுச் சென்ற நிலமும் கட்டடங்களும் திருமண்டல அறக்கட்டளைகளிடம் வந்தன. ஆக, முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இடமும் கட்டடமும் அறக்கட்டளையுடையவை. அரசுடையவை அல்ல, எந்தத் தனி மனிதருக்கும் சொந்தமானவையும் அல்ல.

சம்பளம் அரசுடையது. 'அரசு உதவி பெறும் பள்ளி' என்றால் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்களுக்கு அரசே ஊதியம் தரும் தனியார் பள்ளி என்று பொருள். ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகம். கல்வித்துறை ஒப்புதல் கொடுத்தால்தான் சம்பளம் வரும். பாடத்திட்டமும் பொதுத்தேர்வும் அரசுப் பள்ளிக்கு உள்ளவையேதான்.

நிர்வாகத்தின் சார்பில் கையெழுத்திடுபவர் தாளாளர். பல கிராமங்களில் அந்தச் சேகரத்தின் குருவானவரே தாளாளராக இருப்பார். சேகரம் என்பது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சில சபைகளின் தொகுப்பு. அரசியலமைப்பின் 30ஆவது பிரிவு, மத, மொழிச் சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிறுவனங்களைத் தொடங்கி நடத்தலாம் என்ற உரிமையைத் தருகிறது. அப்படி நடத்தினாலும் உதவித்தொகை தருவதில் அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது.

அப்படியானால் மற்ற மதத்துப் பிள்ளைகள்? 29ஆவது பிரிவின்படி, அரசுப் பணம் பெறும் நிறுவனம் மதத்தையோ சாதியையோ மட்டும் காரணம் காட்டி ஒருவருக்கு இடம் மறுக்க முடியாது. தன் சமூகத்துப் பிள்ளைகளுக்கு ஓரளவு முன்னுரிமை தரலாம், மற்றவர்களுக்குக் கதவை அடைக்க முடியாது. 28ஆவது பிரிவின்படி, பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மத போதனையிலோ வழிபாட்டிலோ கட்டாயப்படுத்தக் கூடாது. பெற்றோர் அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை இவை.

கட்டணக் குழப்பத்துக்கும் காரணம் உண்டு. ஒரே வளாகத்தில் அரசு ஊதியம் பெறும் தமிழ் வழி வகுப்புகளும், நிர்வாகமே சம்பளம் கொடுக்கும் சுயநிதிப் பிரிவும் இருக்கலாம். இரண்டாவதில் கட்டணம் உண்டு. "அந்த சர்ச் பள்ளிக்கூடத்தில் பீஸ் வாங்குறாங்க" என்று யாராவது சொன்னால், எந்தப் பிரிவு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அரசுத் திட்டங்களிலும் இந்த இரட்டை நிலை தெரியும். காலை உணவுத் திட்டம் முதலில் அரசுப் பள்ளிகளுக்கு மட்டுமே இருந்தது. ஊரகப் பகுதி உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு அது 2024 ஜூலை 15 முதல் வந்தது. உயர்கல்விக்குப் போகும் மாணவியருக்கு மாத உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டம் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவியருக்கு 2024 டிசம்பரில் விரிவாக்கப்பட்டது. ஆனால் மருத்துவப் படிப்புக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்காக வந்தபோது உதவி பெறும் பள்ளிகள் அதில் சேர்க்கப்படவில்லை. அதே ஊர், அதே பாடம், அதே வறுமை, ஆனாலும் பலகை வேறு என்பதால் அந்த வாய்ப்பு இல்லை. இது சரியல்ல என்பது என் கருத்து.

பிள்ளைகள் குறையும்போது என்ன ஆகிறது

ஆசிரியர் பணியிடம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், அதற்கு மேல் ஏறக்குறைய முப்பது பேருக்கு ஒருவர். பனைத்தொழில் குறைந்து குடும்பங்கள் நகரங்களுக்குப் போக, இருப்பவர்களும் ஆங்கிலவழிப் பள்ளியின் வேனுக்குப் பிள்ளையை ஏற்றிவிட, கிராமப் பள்ளியில் எண்ணிக்கை சரிகிறது. பணியிடம் உபரி என்று கணக்கிடப்பட்டால் ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாற்றப்படுவார். ஐந்து வகுப்பையும் ஓரிருவர் பார்க்க வேண்டிய நிலை வந்தால், மிச்சமிருக்கும் பெற்றோரும் தயங்குவார்கள். கட்டடப் பராமரிப்பு அறக்கட்டளையின் பொறுப்பு என்பதால் ஓடு சரிந்தால் அரசை மட்டும் கேட்டுப் பயனில்லை. சேகரத்தையும் கேட்க வேண்டும். அந்தச் சபையில் படித்து வெளியூர் போனவர்கள் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஊருக்கு வரும்போது ஆலயத்துக்குக் கொடுப்பதில் ஒரு பங்கையாவது பள்ளியின் கூரைக்கும் கொடுக்க வேண்டும் என்று நான் உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் ஊர்ப் பள்ளியின் வயதைக் கண்டுபிடிக்க

பலகையில் எழுதிய தொடக்க ஆண்டை அப்படியே நம்ப வேண்டாம். அது அரசு அங்கீகாரம் கிடைத்த ஆண்டாகவும் இருக்கலாம். பள்ளி அதற்கு முன்பே ஓலைக் கொட்டகையில் நடந்திருக்கக்கூடும். தலைமையாசிரியரிடம் பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் அதில் இருக்கும். ஆலயத்தில் ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் உண்டு. பழைய பதிவேட்டில் தொழில் என்ற கட்டத்தில் 'பனைத்தொழில்' என்று இருந்த குடும்பத்தில் 'ஆசிரியர்' என்று எப்போது வந்தது என்று தேடினால், பள்ளி என்ன செய்தது என்பது கையில் கிடைக்கும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய கல்வித்துறை ஆணைகள் இருக்கின்றன. எஸ்.பி.ஜி. மிஷனரிகளின் கடிதங்கள் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ளன. ஊர்ப் பதிவேடுகளுக்கு அப்படிப்பட்ட பாதுகாப்பு கிடையாது. ஓரம் உதிரத் தொடங்கியிருந்தால், அனுமதி வாங்கிக்கொண்டு ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து, பள்ளியில் ஒரு பிரதியும் சேகரத்தில் ஒரு பிரதியும் வைத்துவிடுங்கள். ஒரு சனிக்கிழமை போதும்.